வலக்கொம்புல சினைன்னா காளைக்கன்னுதானா?

கே.வி.குப்பம் பையன் | 4 ஜூன் 2023, இரவு 9:40

எங்க ஜெர்சி கலப்பு மாடு ரெண்டரை மாசச் சினை. டாக்டர் கைவிட்டுப் பாத்துட்டு "வலது கொம்புல நிக்குது"ன்னார். அதைக் கேட்டதும் தாத்தா "அப்ப காளைக்கன்னுதான்டா, பொய்கைச் சந்தைக்கு ஓட்டிடு"ங்கறார். கருப்பையில வலப்பக்கம் நின்னா காளை, இடப்பக்கம் நின்னா கெடேரி, இது அவர் அனுபவமாம். அம்மாவும் அதையேதான் சொல்லுது. இதுல உண்மை இருக்குதா இல்லையா?

ஆய்வாளர், அணைக்கட்டு | 4 ஜூன், இரவு 10:15

விக்காதே தம்பி. மீதி காலையில.

ஆய்வாளர், அணைக்கட்டு | 5 ஜூன், காலை 6:05

மாட்டுக்குக் கருப்பை ஒரே பை இல்ல. பின்பக்கம் குட்டியா ஒரு உடம்பு, அதுலேர்ந்து முன்னாடி ரெண்டு கொம்பு பிரிஞ்சு போகும். கன்னு வளர்றது கொம்புலதான். ஒவ்வொரு கொம்போட நுனியிலயும் ஒரு மெல்லிய குழாய், குழாய் முடியற இடத்துல ஒரு சினைப்பை. ஆக எல்லாமே ரெண்டு ரெண்டு. மாடு சினைக்குக் கத்தற ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பக்கச் சினைப்பையில ஒரு முட்டை வெடிக்கும். அது அந்தப் பக்கத்துக் குழாயிலயே கருவாகி, அந்தப் பக்கக் கொம்புலயே உக்காந்துடும். மாட்டுல கரு பக்கம் மாறிப் போறது ரொம்ப அபூர்வம்.

இப்ப உன் மாட்டோட இடது விலாவுக்குப் பின்னாடி கையை வெச்சு அழுத்து. அங்க இருக்கறது அசைபோடற பெரிய இரைப்பை. வயித்தோட இடப்பாதி மொத்தமும் அதுக்குப் போயிடுது. வயிறு உப்புனா இடது பக்கம் மேடு தட்டறதுக்கும் அதான் காரணம். மிச்ச சாமான் எல்லாம் வலப்பக்கமா ஒதுங்குது, கருப்பையும் சேர்த்து.

இன்னொண்ணு, வலது சினைப்பை இடதைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பு. பத்துல ஆறு தடவை முட்டை வர்றது வலதுலதான். அதனால சினை பாக்கறவர் எவரா இருந்தாலும் "வலது"ன்னு சொல்றதுதான் அதிகம்.

தாத்தா கணக்குப்படி பாத்தா பத்துக்கு ஆறு காளைக்கன்னு விழணும். விழுதா? உங்க தெருவுல எண்ணிப் பாரு. பாதிக்குப் பாதி, காளை ஒரு பொடி கூட இருக்கும், அவ்வளவுதான்.

பேர்ணாம்பட்டு | 5 ஜூன், காலை 11:20

தாத்தாவை ஏன் சார் வம்புக்கு இழுக்கறீங்க. எங்க ஊர்லயும் இதையேதான் சொல்றாங்க. பொறக்கறதும் சரியாத்தான் வருது. ஒருத்தருமே இதைச் சோதிச்சுப் பாக்கலையா?

ஆய்வாளர், அணைக்கட்டு | 5 ஜூன், மதியம் 2:30

எப்படிச் சரியா வருதுன்னு நான் சொல்றேன். காளை பொறந்தா "நான் சொல்லல?" கெடேரி பொறந்தா "டாக்டர் பக்கத்தை மாத்திச் சொல்லிட்டாரு." ரெண்டு பக்கமும் ஜெயிக்கற ஆட்டம். நான் கால்நடை ஆய்வாளரா சர்வீஸ்ல இருந்தப்ப என் கை மேல பழி விழாத ஊரே இல்ல.

ஆணா பெண்ணான்னு முடிவாகறது காளையோட விந்தணுவுல. மாட்டு முட்டையில எப்பவும் எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான் இருக்கும். விந்தணுவுல பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் சேந்தா கெடேரி, ஒய் சேந்தா காளை. சினை ஊசிக்கு நாங்க எடுக்கற விந்துக் குச்சியில கால் மில்லிதான் இருக்கும், அதுக்குள்ள ரெண்டு கோடி அணு. அதுல எது முந்துச்சோ அதான் கன்னு. கொம்பு வெறும் எடம்.

ஆய்வாளர், அணைக்கட்டு | 7 ஜூன், இரவு 8:50

ஒருத்தர் தனியாக் கேட்டிருக்கார், "கொம்பு, உடம்புன்னு எழுதறீங்க, கண்ணுல பாத்தவங்களுக்குத்தான் புரியும்"னு. நியாயம்தான். பயிற்சியில நாங்க பாத்ததைச் சொல்றேன்.

அறுவைக்கூடத்துலேர்ந்து மாட்டோட கருப்பைச் சாமானை வாளியில கொண்டாந்து தகரத் தட்டுல கொட்டுவாங்க. மலக்குடலை ஒதுக்கிட்டுப் பின்பக்கத்துலேர்ந்து வரிசையாப் போகணும். முதல்ல வெளி உதடு. உள்ள ஒரு சாண் தாண்டற யோனிக் குழாய். அதோட தரையில, வாசல்லேர்ந்து ஒரு 10, 12 செ.மீ. உள்ள, மூத்திரத் துவாரம். அதுக்கு அடியிலயே வழி இல்லாத ஒரு குட்டிப் பை இருக்கு. புதுசா ஊசி போடறவன் துப்பாக்கியை (விந்துக் குச்சியைச் செருகற நீளக் கம்பி) தரையோட சேத்துத் தள்ளுனா நேரா அதுக்குள்ளதான் போய் நிக்கும். மாடு முதுகை வளைச்சுக் கத்தும். அதனாலதான் முனையை மேல்நோக்கிச் சாய்ச்சு நுழைக்கச் சொல்றது.

அடுத்தது கருப்பை வாய். மலக்குடல் வழியா கைவிட்டுத் தேடறப்ப முதல்ல பிடிபடறது இதுதான். மத்ததெல்லாம் கொழகொழன்னு நழுவும், இது மட்டும் உரிச்ச கோழிக்கழுத்து மாதிரி வெறைப்பா கையில நிக்கும். நீளம் 8 லேர்ந்து 10 செ.மீ. எங்க வாத்தியார் கத்திரிக்கோலால அதை நீளவாக்குல பிளந்து காட்டுனார். உள்ள மூணு நாலு வளையம், ஒண்ணு பின்னாடி ஒண்ணா, எல்லாம் நம்ம பக்கமா நீட்டிக்கிட்டு. ஒவ்வொரு வளையத்தோட ஓரத்துலயும் முட்டுச்சந்து. துப்பாக்கியைத் தள்ளி வளையத்தைத் தாண்ட வைக்க முடியாது. உள்ள இருக்கற கையால கழுத்தை வளைச்சு, வளையத்தைத் துப்பாக்கி மேல கொண்டாந்து மாட்டணும். இந்த ஒரு சூட்சுமம் கைக்கு வரத்தான் மாசக்கணக்குல ஆவுது.

அதைத் தாண்டுனா கருப்பை உடம்பு. வெளியிலேர்ந்து பாத்தா நீளமாத்தான் தெரியும். பிளந்து பாத்தா 2, 3 செ.மீ. மேல இருக்காது. மேல்பக்கம் ரெண்டு கொம்பும் ஒட்டிக்கிட்டு நடுவுல சுவர் இருக்கறதால வர்ற ஏமாத்து அது. விந்தை விடவேண்டிய எடம் அந்த ரெண்டு விரல்கடைதான். அப்புறம் கீழ்நோக்கிச் சுருண்ட கொம்புங்க, அதோட நுனியில குழாய், குழாய் முனையில சினைப்பை.

தட்டுல இருந்த வலது சினைப்பையில ஒரு மேடு இருந்துச்சு. வாத்தியார் அதைக் கீறுனார். உள்ள பளிச்சுனு மஞ்சள். முட்டை வெடிச்ச எடத்துல உருவாகற மஞ்சள் திட்டு அது. சினை நின்னா அது கரையாம உக்காந்து கருவைக் காப்பாத்தும். சினை நிக்கலன்னா பதினேழு நாள் கிட்ட அதைக் கரைக்கச் சொல்லி கருப்பையே சேதி அனுப்பும், இருபத்தோராம் நாள் மாடு மறுபடி கத்தும்.

அந்தத் தட்டுல மஞ்சள் திட்டு இருந்த அதே வலப்பக்கக் கொம்புல சின்னதா சினையும் இருந்துச்சு. சினைமாட்டை அறுத்திருக்காங்கன்னு வாத்தியார் ரொம்ப நேரம் திட்டுனார்.

போளூர் அக்கா | 8 ஜூன், காலை 7:00

சார், எங்க கெடேரிக்கு ஊசி போட்டு ரெண்டாம் நாள் வால்ல ரத்தம் ஒட்டியிருந்துச்சு. சினை கலைஞ்சிடுச்சுன்னு மாமியார் சொல்றாங்க.

ஆய்வாளர், அணைக்கட்டு | 8 ஜூன், காலை 7:25

ரெண்டு நாள்ல கலையறதுக்கு அங்க சினையே இல்லையேம்மா. அப்பத்தான் கரு குழாயிலயே இருக்கும்.

பருவம் முடிஞ்ச ஒண்ணுலேர்ந்து மூணு நாளுக்குள்ள நிறைய மாட்டுக்குக் கொஞ்சம் ரத்தம் வரும், கெடேரிக்கு இன்னும் அதிகமா. கருப்பையோட உள்தோல்ல இருக்கற நுண்ணிய ரத்தக் குழாய்ங்க கசியற கசிவு. சினை பிடிச்சுதுன்னும் அர்த்தம் இல்ல, பிடிக்கலன்னும் இல்ல. பருவம் ரெண்டு நாள் முன்னாடி வந்துட்டுப் போயிடுச்சுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம்.

இதை நீங்க உங்களுக்குச் சாதகமாத் திருப்பிக்கலாம். பருவத்தையே கவனிக்காம விட்டுட்டீங்க, ரத்தத்தைத்தான் பாத்தீங்கன்னா, அன்னிக்கே காலண்டர்ல குறிச்சுக்குங்க. பதினெட்டு பத்தொன்பது நாள் கழிச்சு காலையிலயும் சாயங்காலமும் மாட்டுகிட்ட நில்லுங்க. கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும். காலையில பாத்தா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பாத்தா மறுநாள் காலையில ஊசி. பருவம் அடங்கி அரைநாள் கிட்ட ஆன பிறகுதான் முட்டை வெடிக்கும். அவசரப்பட்டுப் போடற ஊசி அதுவரைக்கும் தாங்காது.

ஆய்வாளர், அணைக்கட்டு | 11 ஜூன், இரவு 9:10

வலது இடது விஷயத்துக்கே திரும்ப வர்றேன். மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

பேர்ணாம்பட்டு நண்பர் கேட்டாரே, ஒருத்தருமே இதைச் சோதிச்சுப் பாக்கலையான்னு. பாத்திருக்காங்க. அமெரிக்காவுல இறைச்சி மாட்டுக் கருப்பைங்களைத் திறந்து எண்ணியிருக்காங்க. அதுல வலக்கொம்புல ஆண் கொஞ்சம் கூடுதலாவும், இடக்கொம்புல பெண் கொஞ்சம் கூடுதலாவும் இருந்ததா எழுதியிருக்காங்க. இதை மறைச்சுட்டு நான் தாத்தாவைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருக்கக் கூடாது. ஆகவே தாத்தா சொன்னது முழுப் பொய்னு எழுத மாட்டேன். ஆனா ஒரு பக்கம் லேசா சாயறது வேற, "வலதுன்னா காளைதான், ஓட்டிடு"ங்கறது வேற. வலக்கொம்புல எத்தனையோ கெடேரி வளர்ந்துதான் வெளிய வருது. அந்தச் சாய்வை நம்பி ஒரு கறவை மாட்டை வித்தா, வாங்கறவன்தான் சிரிப்பான்.

பாலினம் பிரிச்ச விந்தை வெச்சு இன்னும் தெளிவாச் சொல்லலாம். எக்ஸ் அணுவுல டி.என்.ஏ. ஒய்யைவிடச் சுமார் 4 சதவீதம் அதிகம். சாயம் ஏத்தி, லேசர் வெளிச்சத்துல ஒவ்வொரு அணுவா ஓட விட்டு, எது அதிகமா மின்னுதோ அதைத் தனியாப் பிரிக்கறாங்க. நம்ம ஊட்டியிலயே அரசு நிலையம் இருக்கு. அந்தக் குச்சியைப் போட்டா பத்துக்கு ஒன்பது கெடேரி. அந்தக் கெடேரிங்க என்ன, இடக்கொம்புல மட்டுமா வளருது?

வேலூர் கொசப்பேட்டை | 11 ஜூன், இரவு 10:02

எங்க பக்கம் ஒருத்தர் எக்ஸ்ட்ரா காசு வாங்கிட்டு "இடக்கொம்புல விடறேன், கெடேரிதான்"னு ஊசி போடறார். அப்ப அது?

ஆய்வாளர், அணைக்கட்டு | 11 ஜூன், இரவு 10:20

அது வியாபாரம்.

ஆய்வாளர், அணைக்கட்டு | 12 ஜூன், காலை 5:50

ராத்திரி ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன், கோபம்தான். சரி, விளக்கமாவே சொல்றேன். முட்டை வலது சினைப்பையில வெடிக்கப் போகுதுன்னா, நீ இடக்கொம்புல விட்டாலும் கரு நிக்கப் போறது வலக்கொம்புலதான். விந்தணு கருப்பைக்குள்ள ரெண்டு பக்கமும் பரவும், கருப்பை சுருங்கி விரியறதே அதைக் கொண்டு போய்ச் சேக்கும். அந்த ஆள் செய்யற ஒரே காரியம், கொம்போட உள்சுவரைத் துப்பாக்கி முனையால கீறறது. கீறுனா சீழ் வைக்கும், சீழ் வெச்சா மாடு நாலஞ்சு ஊசி போட்டும் பிடிக்காது. அப்புறம் அவரே வந்து "மாடு மலடு, தள்ளி விட்டுடு"ம்பார்.

கொடுமை என்னன்னா, இதே கதையைத் திருப்பிப் போட்டும் காசு பாக்கறாங்க. எருது விடும் விழா நடத்தற ஊருங்கள்ல நாட்டுப் பசு வெச்சிருக்கறவங்களுக்குக் காளைக்கன்னு வேணும். அவங்ககிட்ட "வலக்கொம்புல விடறேன்."

கே.வி.குப்பம் பையன் | 12 ஜூன், இரவு 9:00

அப்ப பொறக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வழியே இல்லையா? மனுசங்களுக்கு ஸ்கேன் பாத்துச் சொன்னா ஜெயில். மாட்டுக்கு?

ஆய்வாளர், அணைக்கட்டு | 12 ஜூன், இரவு 9:30

மாட்டுக்கு ஜெயில் இல்ல. சினை ரெண்டு மாசம் ஆகற சமயத்துல ஸ்கேன்ல பாக்கலாம். கருவுல குறி உருவாகற சின்ன மொட்டு ஒண்ணு இருக்கும், ஆணா இருந்தா தொப்புள் பக்கமா நகர்ந்து நிக்கும், பெண்ணா இருந்தா வால் பக்கமா. ஐம்பத்தஞ்சு, அறுபது நாள் கணக்குல பழகுன கண்ணு பிடிச்சிடும். நாலு மாசம் நெருங்குனா கன்னு வெயிட்டுல கருப்பை இடுப்பைத் தாண்டி வயித்துக்குள்ள இறங்கிடும், எட்டாது. உன் மாடு இப்ப கரையோரத்துல நிக்குது. ஸ்கேன் மெஷின் வெச்சிருக்கற டாக்டர் பக்கத்துல கிடைச்சா கேட்டுப் பாரு. கிடைக்கலன்னா தீவனத்தைச் சரியாப் போடு, அது அதைவிட முக்கியம்.

ஆய்வாளர், அணைக்கட்டு | 18 ஜூன், மதியம் 1:15

ஞாயித்துக்கிழமை. கோழி வாங்கப் போனேன். கறிக்கடையில நின்னா எனக்கு இந்தப் புத்திதான்.

முட்டை ஓய்ஞ்ச லேயர் கோழி ஒண்ணை அறுத்துக்கிட்டிருந்தான் கடைப்பையன். வயித்தைத் திறந்ததும் முட்டைக்குலை. கொட்டைப்பாக்கு அளவுலேர்ந்து கடுகு வரைக்கும் வரிசையா மஞ்சக்கரு. பக்கத்துல நின்ன அம்மா அதைத் தனியாக் கேட்டு வாங்கிக்கிச்சு. நான் பையன்கிட்ட "இது எந்தப் பக்கம் இருந்துச்சு?"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தான். "இடப்பக்கம் சார். எப்பவும் இடப்பக்கம்தான்."

வலது இடது பத்தி எழுதிக்கிட்டிருக்கற இழையில கோழி வராம எப்படி? கோழிக்கு இடது சினைப்பையும் இடது குழாயும்தான் வேலை செய்யும். குஞ்சு முட்டைக்குள்ள இருக்கறப்பவே வலது பக்கம் வளர்ச்சி நின்னு ஒடுங்கிடும். கோழிக்கு நிஜமாவே பக்கம் முக்கியம், ஆனா குஞ்சு சேவலா பெட்டையான்னு தீர்மானிக்கறதுக்கு இல்ல. கோழியில அதைத் தீர்மானிக்கறது தாய். மாட்டுக்கு நேர் எதிர்.

குழாயில முட்டை போற கணக்கும் அழகு. மஞ்சக்கரு புனல்ல விழுந்து கால் மணி நேரம். வெள்ளைக்கரு சேர்ற பகுதியில மூணு மணி. உள்சவ்வு போடற எடத்துல ஒண்ணேகால் மணி. ஓடு கட்டற பையில மட்டும் இருபது மணி நேரம். கூட்டிப் பாத்தா ஒரு நாளுக்கு மேல போகுது. அதான் கோழி தினமும் கொஞ்சம் கொஞ்சம் லேட்டா முட்டை விட்டு, கடைசியில ஒரு நாள் டிமிக்கி குடுக்குது. ஓட்டுப் பையில நேரம் முடியறதுக்குள்ள பயந்து தள்ளிட்டா, இல்ல சுண்ணாம்புச் சத்து போதலன்னா, தோல்முட்டை.

போளூர் அக்கா | 18 ஜூன், மதியம் 3:40

பெட்டை கூவுனா வீட்டுக்கு ஆகாதுன்னு அறுத்துடறாங்களே, அதுக்கும் உங்ககிட்ட உறுப்பு விளக்கம் இருக்குமே.

ஆய்வாளர், அணைக்கட்டு | 18 ஜூன், மாலை 6:00

இருக்கு. இடது சினைப்பை கட்டி வந்தோ நோய் வந்தோ கெட்டுப் போச்சுன்னா, அத்தனை நாள் ஒடுங்கிக் கிடந்த வலது மொட்டு சில கோழிக்குத் தலை தூக்கும். தூக்கறப்ப சினைப்பையா வளராம விரை மாதிரி வளரும். கொண்டை பெருக்கும், முட்டை நிக்கும், விடியக்காலையில கூவும். வீட்டுக்கு ஒரு கெடுதியும் இல்ல, கோழிக்குத்தான் உடம்பு சரியில்ல. முட்டையும் விடப்போறதில்ல, அதனால குழம்பு வெக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

நாம பரவாயில்லம்மா. சுவிட்சர்லாந்துல பாசல் ஊர்ல 1474ல முட்டை விட்டுச்சுன்னு ஒரு சேவல் மேல வழக்கே போட்டு, தீர்ப்புச் சொல்லி, எரிச்சுட்டாங்க. குழம்புகூட வெக்கல.

அப்படியே இதையும் தெரிஞ்சுக்குங்க. சேவலை வித்த மறுநாளே அடைமுட்டை சேக்கறதை நிறுத்திடாதீங்க. குழாயோட கடைசியில விந்தைச் சேத்து வெக்கற நுண்ணிய மடிப்புங்க இருக்கு. சேவல் போயி ஒரு வாரம் பத்து நாளைக்குக் கருமுட்டை வரும்.

ஆய்வாளர், அணைக்கட்டு | 25 ஜூன், இரவு 8:00

மத்த ஜீவனுங்களைப் பத்தி நாலு வரி, கேட்டவங்களுக்காக. பன்னிக்குக் கொம்பு ஒவ்வொண்ணும் ஒரு மீட்டருக்குப் பக்கமா, சிலதுக்கு அதுக்கும் மேல. குடல்னு நினைச்சு ஏமாறுவீங்க. கருக்கள் இந்தக் கொம்புலேர்ந்து அந்தக் கொம்புக்குத் தாண்டி எடத்தைப் பங்கு போட்டுக்கும், அங்க வலது இடது பேச்சுக்கே எடமில்ல. குதிரையில ஒத்தைக் கரு பத்து நாள் கிட்ட ரெண்டு கொம்புலயும் உலாத்திட்டு, பதினாறாம் நாள் கிட்டத்தான் ஒரு எடத்துல உக்காரும். முயலுக்குக் கருப்பை ரெண்டு, வாயும் ரெண்டு, தனித்தனியா. ஆட்டுக்குக் கைவிட்டுப் பாக்க முடியாது. ஒடுகத்தூர் வெள்ளிச் சந்தையில வயித்தைத் தூக்கிப் பாத்துட்டு "ரெட்டைக்குட்டி"ன்னு சத்தியம் பண்ற தரகர் ஸ்கேனைவிட வேகமானவர், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அரிஸ்டாட்டிலும் இதைத் தொட்டிருக்கார். அவர் காலத்து கிரேக்கர்ங்களும் வலது ஆண், இடது பெண்ணுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. மிருகங்களைப் பிளந்து பாத்தா ஒரே பக்கத்துலயே ஆணும் பெண்ணும் இருக்குன்னு அவர் மறுத்தார். நம்ம தாத்தா தனி ஆள் இல்ல தம்பி, ரெண்டாயிரத்து முந்நூறு வருசத்துக் கூட்டாளிங்க இருக்காங்க.

போளூர் அக்கா | 9 ஜூலை, காலை 6:10

அவசரம் சார். பக்கத்து வீட்டு மாடு நேத்து சாயங்காலம் 4 மணிக்கு கன்னு போட்டுச்சு. இளங்கொடி (நஞ்சுக்கொடி) பாதி தொங்குது. செங்கல் கட்டி விட்டிருக்காங்க.

ஆய்வாளர், அணைக்கட்டு | 9 ஜூலை, காலை 6:14

செங்கல்லை உடனே அவுக்கச் சொல்லுங்க. இழுக்காதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க, 12 மணி நேரம் தாண்டிடுச்சு. வெறும் கையால தொடாதீங்க.

ஆய்வாளர், அணைக்கட்டு | 9 ஜூலை, இரவு 9:00

டாக்டர் வந்துட்டுப் போனார்னு அக்கா போன் பண்ணாங்க. நல்லது. இப்ப காரணம் சொல்றேன்.

மாட்டுக் கருப்பையோட உள்சுவர்ல எழுபதுலேர்ந்து நூத்திருபது வரைக்கும் மேடுங்க இருக்கு. சினையில அது ஒவ்வொண்ணும் பெருத்து, கொடியில இருக்கற பஞ்சு மாதிரித் திட்டோட பட்டன் போட்ட கணக்கா பூட்டிக்கும். கன்னு விழுந்ததும் இந்தப் பட்டன் ஒவ்வொண்ணாக் கழலணும். சில மாட்டுக்குக் கழல்றதில்ல: ரெட்டைக்கன்னு, குறைமாசம், சத்துக் குறைவு, கருச்சிதைவு நோய், இப்படி. செங்கல் கட்டுனா பட்டன் கழலாது, பிய்யும். ரத்தம் போகும், சீழ் வைக்கும். சில சமயம் முக்கி முக்கிக் கருப்பையே உள்வெளியாத் திரும்பி வெளிய வந்துடும். அடி தள்றதுக்கு நாமளே வழி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

வெறும் கையால தொடாதேன்னு சொன்னது எதுக்குன்னா, ஆறேழு மாசத்துல கன்னு வீசற புருசெல்லா நோய்க் கிருமி கொடியிலதான் மொத்தமாத் தங்கும். மனுசனுக்கும் ஒட்டும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலின்னு வருசக்கணக்குல இழுக்கும். எங்க ஆளுங்க சில பேர் அப்படி அவதிப்பட்டதைப் பாத்திருக்கேன். நாலுலேர்ந்து எட்டு மாசத்துக்குள்ள இருக்கற கெடேரிக்கன்னுக்கு மட்டும் இதுக்குத் தடுப்பூசி உண்டு. காளைக்கன்னுக்குப் போடக் கூடாது. 1932லேர்ந்து கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கற ராணிப்பேட்டை நமக்குப் பக்கத்துலதான் இருக்கு, ஊசி விஷயத்துல சுணங்கக் கூடாது.

விழுந்த கொடியை வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டற வழக்கத்தைப் பத்தி ஒருத்தர் கேட்டார். நாய் இழுத்துட்டுப் போய் ஊரெல்லாம் பரப்பறதுக்கு அது மேல். ஆழமாக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடறது இன்னும் மேல்.

பேர்ணாம்பட்டு | 1 ஆகஸ்ட், இரவு 8:30

சார், இன்னிக்குப் பொய்கையில ரெண்டு கன்னு வாங்கியிருக்கேன், ஒண்ணு காளை, ஒண்ணு கெடேரி, வயசு மூணு வாரம். ரெட்டைன்னு சொல்லி சேத்துக் குடுத்தான். விலை சல்லிசு. கெடேரியை வளக்கலாம்னு.

ஆய்வாளர், அணைக்கட்டு | 1 ஆகஸ்ட், இரவு 8:45

சல்லிசா ஏன் குடுத்தான்னு கேட்டீங்களா?

ஆய்வாளர், அணைக்கட்டு | 2 ஆகஸ்ட், காலை 6:30

காளையோட சேந்து பொறந்த கெடேரியில நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல மலடு. ஆங்கிலத்துல ஃப்ரீமார்ட்டின்பாங்க. 1779லயே ஜான் ஹண்டர் இதைப் பிளந்து பாத்து எழுதுனார். காரணத்தை விளக்குனது 1916ல ஃபிராங்க் லில்லி. ரெண்டு கன்னோட கொடிங்களும் கருப்பைக்குள்ள ஒட்டிக்குது, ரத்தக் குழாய் ஒண்ணாச் சேந்துடுது. ஆண் கன்னுகிட்டேர்ந்து வர்ற ஹார்மோன் பெண் கன்னுக்குள்ள ஓடி, அதோட கருப்பையும் குழாயும் உருவாகறதைத் தடுத்துடும். முன்னாடி சொன்னேனே, தட்டுல வரிசையா இருந்த சாமான், அதுல கருப்பை வாய்லேர்ந்து முன்பக்கம் நூலா நின்னு போயிருக்கும். வெளியில பாத்தா சாதாரணக் கெடேரி. ஒவ்வொரு கன்னும் தனித்தனிக் கொம்புல வளந்திருந்தாலும் இது நடக்கும், கொடி உடம்பு வழியா நீண்டு தொட்டுக்கும். இங்கயும் வலது இடது காப்பாத்தாது.

ஆட்டுல ஆண் பெண் ரெட்டை சகஜம், அதுல இந்தக் கதை ரொம்ப அபூர்வம். ஆட்டுக் கொடிங்க பக்கத்துப் பக்கத்துல இருந்தாலும் ரத்தக் குழாய் அவ்வளவா சேர்றதில்ல. "எங்க ஆடு ரெட்டையிலதான் பொறந்துச்சு, குட்டி போடுது"ங்கறதை வெச்சு மாட்டுக்குச் சொல்லக் கூடாது.

சோதிக்கறது சுலபம். முனை மழுங்கின பிளாஸ்டிக் குழாய், விரல் தடிமன். சுத்தமாக் கழுவி, வழவழப்புக்கு ஜெல் தடவி, முனையைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ச்சு மெதுவா நுழைக்கணும். அந்த வயசுல நல்ல கெடேரிக்கு 12லேர்ந்து 15 செ.மீ. போகும். ஃப்ரீமார்ட்டினா இருந்தா 5லேர்ந்து 8க்குள்ள முட்டிக்கும். வெளி உதட்டோட கீழ்நுனியில முடி கொத்தா நீண்டிருக்கும், உள்ள இருக்கற மொட்டும் பெருசா இருக்கும். நீங்களே தள்ளிப் பாக்காதீங்க, மருந்தகத்துல செய்யச் சொல்லுங்க.

பேர்ணாம்பட்டு | 3 ஆகஸ்ட், மதியம் 12:20

6.

ஆய்வாளர், அணைக்கட்டு | 3 ஆகஸ்ட், மதியம் 12:40

கெடேரி கணக்குல தீவனம் போட்டு மூணு வருசம் காத்திருக்காதீங்க. சில பெரிய பண்ணையில இதுங்களை மலடுன்னு தள்ளாம, ஹார்மோன் ஊசி போட்டு, பருவத்துக்கு வந்த மாட்டைக் கண்டுபிடிக்கறதுக்கு மேய விடறாங்க. உங்க வீட்டு ரெண்டு மாட்டுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. காளைக்கன்னு நல்லா இருந்தா அதை வளத்துக்குங்க. அதுக்குப் பெரும்பாலும் குறை வராது, கொஞ்சம் விந்து வளம் குறையலாம், எருது விடறதுக்கு அது ஒரு பொருட்டில்ல.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போறப்ப, கன்னை ஒத்தையா விக்கறவன்கிட்ட கூடப் பொறந்தது ஏதாவது உண்டான்னு கேளுங்க. ரெட்டையில ஒண்ணைத் தனியாப் பிரிச்சு விக்கறவனும் அங்கதான் நிப்பான்.